விண்டோஸ் 11 24எச்2: வாசலில் காவல், கொல்லைப்புறத்தில் திறந்த கதவு

விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு 2024 அக்டோபர் 1 அன்று பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. அன்றைக்கே மைக்ரோசாஃப்ட் தன் 'ரிலீஸ் ஹெல்த்' பக்கத்தில், இந்தப் பதிப்போடு ஒத்துப்போகாத டிரைவர்கள் (வன்பொருளை இயக்கும் மென்பொருள்கள்), விளையாட்டுகள், செயலிகள் ஆகியவற்றை வரிசையாகப் பட்டியலிட்டிருந்தது. துணிக்கடைக்காரர் புடவையை விரித்துக் காட்டும்போதே எங்கெங்கே இழை விட்டிருக்கிறது என்றும் விரல் வைத்துக் காட்டினால் எப்படி இருக்குமோ, அப்படி இருந்தது அது. நேர்மை என்று மெச்சவும் செய்யலாம், இழையைச் சரிசெய்துவிட்டு விற்கக்கூடாதா என்று கேட்கவும் செய்யலாம். அந்தப் பட்டியல் அடுத்த ஓராண்டில் எப்படி வளர்ந்தது, எதற்கு எந்த மாற்றுவழி உண்மையில் பயன்பட்டது, சாதாரணப் பயனர் ஒருவர் இந்தப் பதிப்பை நம்பலாமா என்பதைப் பற்றியதே இந்த மதிப்புரை.

முதலில் ஒரு வேறுபாட்டைச் சொல்லிவிட வேண்டும். இதற்கு முந்தைய 23எச்2 பதிப்பு, 22எச்2-இன் அதே அடித்தளத்தின் மீது சில வசதிகளைத் திறந்துவிட்ட ஒரு சிறிய தொகுப்புதான். அதை நிறுவுவதற்கு ஒருமுறை கணினியை மறுதொடக்கம் செய்தால் போதும். 24எச்2 அப்படிப்பட்டதன்று. 'ஜெர்மேனியம்' என்ற உட்பெயர் கொண்ட புதிய அடித்தளத்தின் மீது அது கட்டப்பட்டது. ஆகவே நிறுவும்போது இயங்குதளம் முழுவதும் மாற்றப்படுகிறது, எஸ்எஸ்இ 4.2, பாப்கவுன்ட் ஆகிய கட்டளைகள் இல்லாத மிகப் பழைய பிராசசர்களில் அது தொடங்கவே மறுக்கிறது. அடித்தளம் மாறினால் அதன் மீது உட்கார்ந்திருந்த ஒலி டிரைவர், கேமரா டிரைவர், விளையாட்டுகளின் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள் என ஒவ்வொன்றும் கொஞ்சம் ஆட்டங்காணத்தான் செய்யும். தொடக்க மாதங்களின் வழுக்களில் பெரும்பாலானவை இந்த மூட்டுவாய்களில்தான் தோன்றின.

அவற்றுக்கு மைக்ரோசாஃப்ட் வைத்திருக்கும் காவல், 'சேஃப்கார்ட் ஹோல்டு' எனப்படும் தடுப்பு. ஒரு குறிப்பிட்ட டிரைவரோ செயலியோ உங்கள் கணினியில் இருப்பது தெரிந்தால், விண்டோஸ் அப்டேட் உங்களுக்கு 24எச்2-ஐத் தரவே தராது. மேம்படுத்தல் உங்கள் கணினிக்கு வந்துகொண்டிருக்கிறது, இப்போதைக்கு நீங்கள் எதுவும் செய்ய வேண்டியதில்லை என்ற பொருளில் ஒரு செய்தி மட்டும் தெரியும். பலர் இதைப் பார்த்துப் பொறுமை இழந்து, இன்ஸ்டலேஷன் அசிஸ்டன்ட் மூலமாகவோ, முழு நிறுவல் தொகுப்பான ஐஎஸ்ஓ கோப்பு மூலமாகவோ பதிப்பைக் கட்டாயமாக ஏற்றிக்கொண்டார்கள். அப்படிச் செய்ய வேண்டாம் என்று மைக்ரோசாஃப்டே ஒவ்வொரு தடுப்புக் குறிப்பிலும் எழுதியிருக்கிறது. இந்தப் பதிப்பில் எனக்கு மிகவும் பிடித்த அம்சம் எது என்று கேட்டால், ஏஐ வசதிகளை எல்லாம் விட்டுவிட்டு இந்தத் தடுப்பையே சொல்வேன்.

அது எவ்வளவு தேவையானது என்பதற்கு இன்டெல் ஸ்மார்ட் சவுண்ட் டெக்னாலஜி விவகாரம் நல்ல உதாரணம். பதினோராம் தலைமுறை இன்டெல் கோர் பிராசசரும், 10.29.0.5152 அல்லது 10.30.0.5152 எண் கொண்ட அந்த ஒலி டிரைவரும் ஒருசேர இருக்கும் கணினியில் 24எச்2 ஏறினால், கணினி செயலிழந்து நின்றதைக் காட்டும் நீலத்திரை வரும். தீர்வு, 5714 என்று முடியும் பதிப்புக்கோ அதற்குப் பிந்தையதற்கோ டிரைவரை மாற்றுவது. இங்கே ஒரு கண்ணி இருக்கிறது: 10.30 என்று தொடங்குவது 10.29 என்று தொடங்குவதைவிடப் புதியது என்று எவரும் நினைப்பார்கள்; ஆனால் இந்த டிரைவரில் கடைசிப் பகுதிதான் புதுமையைக் குறிக்கிறது, முன்பகுதி அன்று. 10.30.0.5152 வைத்திருப்பவர் தம்மிடம் புதியது இருப்பதாக எண்ணித் தடுப்பைத் தாண்டினால் நேராகச் சிக்கலில் போய் விழுவார். டிவைஸ் மேனேஜரில் 'சிஸ்டம் டிவைசஸ்' பகுதியை விரித்து, அந்தக் கட்டுப்படுத்தியின் எண்ணைப் பார்த்துவிட்டு, கணினித் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து டிரைவரைப் புதுப்பிப்பதே சரியான வரிசை.

இதே வகையில் வந்த மற்றவற்றை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். ஆசுஸ் எக்ஸ்415கேஏ, எக்ஸ்515கேஏ மடிக்கணினிகளில் மேம்படுத்தலின் நடுவிலேயே நீலத்திரை வந்தது. வாய்ஸ்மீட்டர் என்ற ஒலிக் கலவைச் செயலி நினைவக மேலாண்மைப் பிழையைக் கொடுத்தது. தேர்வுகளுக்குப் பயன்படும் சேஃப் எக்ஸாம் பிரௌசரின் 3.7-உம் அதற்கு முந்தையவையும் திறக்கவில்லை. 2024 ஏப்ரலுக்கு முந்தைய ஈஸி ஆன்டி-சீட் என்ற ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள் கொண்ட விளையாட்டுகள், வீப்ரோ என்ற அலுவலக நிர்வாக வசதியுள்ள ஆல்டர் லேக்கும் (பன்னிரண்டாம் தலைமுறை) அதற்குப் பிந்தையதுமான இன்டெல் கணினிகளில் நீலத்திரையைக் கொண்டுவந்தன. நிறங்களைத் தானாக மெருகூட்டும் ஆட்டோ எச்டிஆர் இயங்கும்போது விளையாட்டுகளின் நிறம் பிறழ்ந்தது, சில உறைந்தும் போயின. டிஸ்ப்ளே அமைப்புகளில் உள்ள கிராஃபிக்ஸ் பகுதிக்குப் போய் அதை அணைத்து வைப்பதுதான் 2025 ஜனவரி இறுதிவரை மாற்றுவழி. டிராக் நிறுவனத்தின் ஒலி மேம்பாட்டுக் கோப்பு உள்ள கணினிகளில் ஒலியே வரவில்லை; அதற்கான தடுப்பு 2024 டிசம்பரில் தொடங்கி அடுத்த செப்டம்பர்வரை நீடித்தது. ஒன்பது மாதம் காத்திருந்த அந்தப் பயனர்களுக்கு யாரும் நன்றி சொன்னதாகத் தெரியவில்லை.

தடுப்பின் வலையில் தொடக்கத்தில் அகப்படாமல் போன ஒன்று, வெஸ்டர்ன் டிஜிட்டலின் 2 டெராபைட் எஸ்எஸ்டிகள். தனக்கென டிராம் நினைவகம் இல்லாத என்விஎம்இ வட்டு, கணினியின் ராமிலிருந்து ஒரு பங்கைக் கடனாக வாங்கித் எந்தத் தரவு எங்கே இருக்கிறது என்ற தன் வரைபடத்தை அதில் வைத்துக்கொள்ளும். இதற்கு ஹோஸ்ட் மெமரி பஃபர் என்று பெயர். முந்தைய விண்டோஸ் பதிப்புகள் இந்தக் கடனை 64 மெகாபைட்டோடு நிறுத்தின. 24எச்2 வட்டு கேட்கும் முழு அளவையும் கொடுக்கத் தொடங்கியது. டபிள்யூடி பிளாக் எஸ்என்770, டபிள்யூடி புளூ எஸ்என்580 ஆகியவற்றின் 2 டெராபைட் மாதிரிகள் 200 மெகாபைட் கேட்டன, அது கிடைத்தது, கிடைத்ததைக் கையாள முடியாமல் கணினி நீலத்திரையில் விழுந்தது. அதாவது, இத்தனை நாள் கேட்டும் கிடைக்காத ஒன்று திடீரென்று கிடைத்தபோதுதான் வட்டின் ஃபர்ம்வேரில், அதாவது அதற்குள்ளேயே பதிந்திருக்கும் மென்பொருளில், இருந்த குறை வெளியே தெரிந்தது. தவறு யாருடையது என்பதில் எனக்குத் தயக்கமில்லை: வட்டுடையதுதான். ஆனால் நீலத்திரையைப் பார்க்கிறவர் விண்டோஸைத்தான் திட்டுவார்.

இதற்குப் பயனர்களிடையே பரவிய மாற்றுவழி, விண்டோஸின் அமைப்புப் பதிவேடான ரெஜிஸ்ட்ரியில் ஸ்டோர்போர்ட் பகுதிக்குள் 'எச்எம்பி அலொகேஷன் பாலிசி' என்ற மதிப்பை உருவாக்கி அதைப் பூச்சியமாக வைப்பது. அது வேலை செய்தது; ஆனால் கடன் முழுவதையும் நிறுத்திவிடுவதால் வட்டின் வேகம் சற்றுக் குறையும். மதிப்பை 2 என வைத்தால் பழைய 64 மெகாபைட் அளவே தொடரும் என்பதால், ரெஜிஸ்ட்ரியைத் தொடத்தான் வேண்டும் என்றால் அதுவே மேல். நிரந்தரத் தீர்வைப் பின்னர் வெஸ்டர்ன் டிஜிட்டல் ஃபர்ம்வேர் புதுப்பிப்பாகத் தந்தது. அதன் டேஷ்போர்டு செயலியிலிருந்தே போட்டுக்கொள்ளலாம். அதைப் போட்டவர்கள் முன்பு செய்த ரெஜிஸ்ட்ரி மாற்றத்தை நீக்க மறந்துவிடக்கூடாது, இல்லாவிட்டால் வட்டு காரணமின்றி மெதுவாகவே ஓடிக்கொண்டிருக்கும்.

கணினிகளை மொத்தமாக நிறுவித் தருபவர்களைத் தாக்கிய வழு வேறு. 2024 அக்டோபர் 8 முதல் நவம்பர் 12 வரை வெளியான பாதுகாப்புப் புதுப்பிப்புகளையும் உள்ளே சேர்த்து உருவாக்கப்பட்ட பென் டிரைவ் அல்லது குறுந்தகடு மூலம் 24எச்2-ஐ நிறுவினால், அந்தக் கணினி அதற்குப் பிறகு வரும் பாதுகாப்புப் புதுப்பிப்புகளை ஏற்காத நிலையில் சிக்கிக்கொள்ளக்கூடும். இதில் திரை நீலமாவதில்லை, எச்சரிக்கை எதுவும் தோன்றுவதில்லை, மேலுக்கு எல்லாம் சரியாகவே இருக்கும். மாதக்கணக்கில் ஓட்டையோடு ஓடும் கணினியை யாரும் கவனிக்கமாட்டார்கள் என்பதுதான் ஆபத்து. டிசம்பர் 10-ஆம் தேதிப் புதுப்பிப்பையோ அதற்குப் பிந்தையதையோ சேர்த்து நிறுவல் ஊடகத்தைப் புதிதாக உருவாக்கி மறுபடி நிறுவுவதே தீர்வு. கடைசிப் புதுப்பிப்பு எந்தத் தேதியில் ஏறியது என்பதை 'அப்டேட் ஹிஸ்டரி'யில் ஒருமுறை பார்த்தால் போதும், இந்தச் சந்தேகம் தீர்ந்துவிடும். அந்தக் காலத்தில் செய்த பென் டிரைவ் மேசை இழுப்பறையில் கிடந்தால் இன்றே அழித்துவிடுங்கள்.

வழு அல்லாத ஒன்றையும் இங்கே சேர்க்க வேண்டியிருக்கிறது, ஏனெனில் சிறு அலுவலகங்களில் 24எச்2-ஐப் பற்றி எழும் புகார்களில் இதற்குப் பெரிய பங்குண்டு. ப்ரோ பதிப்பில், வலையமைப்பில் கோப்புகளைப் பகிரும் எஸ்எம்பி இணைப்புகளுக்கு, தரவு வழியில் மாற்றப்படவில்லை என்று உறுதிசெய்யும் கையொப்பம் இயல்பாகவே கட்டாயமாக்கப்பட்டது, கடவுச்சொல் இல்லாத விருந்தினர் நுழைவும் நிறுத்தப்பட்டது. நேற்றுவரை திறந்த பழைய நாஸ் பெட்டி (வலையமைப்பில் இணைந்த கோப்புச் சேமிப்புக் கருவி) இன்று திறக்கவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் இதுதான். விருந்தினர் இணைப்பில் கையொப்பமிடுவதற்கான திறவுகோல் உருவாவதே இல்லை என்பதால் இரண்டும் ஒன்றாக வாழ முடியாது. பவர்ஷெல் என்ற கட்டளைச் சாளரத்தில் ஒரு வரியை ஓட்டிக் கையொப்பத் தேவையை அணைத்துவிடலாம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அது பூட்டு திறக்கவில்லை என்று கதவையே கழற்றி வைப்பதற்குச் சமம். நாஸ் பெட்டியின் அமைப்புகளில் ஒரு பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் உருவாக்கி, எஸ்எம்பி கையொப்பத்தை அங்கே இயக்கினால் பெரும்பாலான பெட்டிகள் ஒத்துழைக்கும்.

இதுவரை சொன்னவை வாசலில் நடந்தவை. பதிப்பு மாறும்போது காவல் இருக்கிறது, குறைந்தபட்சம் இருக்க வேண்டும் என்ற எண்ணமாவது இருக்கிறது. ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை வரும் பாதுகாப்புப் புதுப்பிப்புக்கு அந்தக் காவல் கிடையாது. அது கொல்லைப்புறக் கதவு வழியாக எல்லோர் வீட்டுக்குள்ளும் ஒரே நாளில் நுழைகிறது. 24எச்2-இன் மீது என் உண்மையான மனக்குறை அங்கேதான்.

2025 ஜனவரி 14-ஆம் தேதிப் புதுப்பிப்புக்குப் பின், யூஎஸ்பி 1.0 ஒலி டிரைவரைப் பயன்படுத்தும் டாக் (DAC) கருவிகள், அதாவது கணினியின் இலக்க ஒலியைக் கேட்கும் ஒலியாக மாற்றித் தருபவை, போதிய வளங்கள் இல்லை என்று கூறும் குறியீடு 10 பிழையுடன் வேலைநிறுத்தம் செய்தன. அதற்கு அதிகாரபூர்வமாகச் சொல்லப்பட்ட மாற்றுவழி என்ன தெரியுமா? டாக் கருவியைத் தவிர்த்துவிட்டு ஒலிச்சாதனத்தை நேராகக் கணினியில் செருகுங்கள் என்பதுதான். நல்ல ஒலிக்காக அந்தக் கருவியை வாங்கியவரிடம் இதைச் சொல்வதற்கு ஒரு துணிச்சல் வேண்டும். இரண்டு வாரம் கழித்து, ஜனவரி 28 அன்று வந்த கேபி 5050094 என்ற எண்ணுள்ள புதுப்பிப்பு அதைச் சரிசெய்தது. மார்ச் மாதப் புதுப்பிப்பு சில கணினிகளில் கோபைலட் என்ற ஏஐ உதவிச் செயலியைத் தவறுதலாக நீக்கிவிட்டது. அதை ஒரு வழு என்று ஒப்புக்கொள்ளவே பலர் மறுத்தார்கள் என்பது தனிக்கதை.

ஏப்ரல் 8-ஆம் தேதிப் புதுப்பிப்பு இன்னும் விசித்திரமானது. அதை ஏற்றிய கணினிகளின் சி டிரைவில் 'ஐநெட்பப்' என்ற காலிக் கோப்புறை ஒன்று முளைத்தது. அது ஐஐஎஸ் என்ற வலைச் சேவையகத்தின் கோப்புறை. அந்தச் சேவையகத்தை நிறுவாதவர்களின் கணினியிலும் அது வந்து உட்கார்ந்ததால், துப்புரவு மனம் கொண்டவர்கள் உடனே அதை அழித்தார்கள். அதன்பிறகுதான், சிவிஇ-2025-21204 என்ற பாதுகாப்பு ஓட்டையை அடைப்பதற்காக வேண்டுமென்றே வைக்கப்பட்டது அது, அழிக்கக்கூடாது என்ற விளக்கம் வந்தது. அழித்தவர்கள் 'விண்டோஸ் ஃபீச்சர்ஸ்' பட்டியலில் ஐஐஎஸ்ஸை ஒருமுறை இயக்கினால் கோப்புறை சரியான உரிமைகளோடு திரும்பி வரும், பிறகு ஐஐஎஸ்ஸை அணைத்துவிடலாம். சாதாரணமாக ஒரு கோப்புறையைக் கையால் உருவாக்கி அதே பெயரை வைத்தால் போதாது, அனுமதிகள் பொருந்தாது. ஒரு வரி விளக்கத்தை முதல் நாளே கொடுத்திருந்தால் இத்தனை பேர் அலைந்திருக்க வேண்டாம்.

எல்லாவற்றுக்கும் மேலானது 2025 அக்டோபர் 14. விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்த நாளும் அதுவே. இனி விண்டோஸ் 11-க்கு வாருங்கள் என்று கோடிக்கணக்கானோரை அழைத்த அன்றைய தினம் வெளியான கேபி 5066835, விண்டோஸ் மீட்புச் சூழலில் யூஎஸ்பி விசைப்பலகையையும் மவுஸையும் செயலிழக்கச் செய்தது. கணினி நன்றாக ஓடும்போது அவை வேலை செய்யும்; கணினி கெட்டுப்போய் மீட்புத் திரைக்கு வந்து நிற்கும்போதுதான் எந்த விசையும் அழுந்தாது. தொடுதிரை இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள், பழைய பிஎஸ்2 விசைப்பலகை இருந்தால் செருகுங்கள், முன்பே செய்து வைத்த மீட்பு பென் டிரைவிலிருந்து தொடங்குங்கள் என்பவையே மாற்றுவழிகள். வீட்டுப் பரணில் பிஎஸ்2 விசைப்பலகையைத் தேடும்படி 2025-இல் ஓர் இயங்குதளம் சொல்லும் என்று நான் நினைத்ததில்லை. ஆறாம் நாள், அக்டோபர் 20 அன்று, வழக்கமான தேதிக்குக் காத்திராமல் கேபி 5070773 வெளியிடப்பட்டு இது தீர்ந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

அதே அக்டோபர் புதுப்பிப்பு, கணினி தன்னைத்தானே அழைக்கும் 127.0.0.1 முகவரி இணைப்புகள் சிலவற்றையும் முறித்தது. மென்பொருள் எழுதுபவர்கள் காலையில் அலுவலகம் வந்து தங்கள் சொந்த நிரலையே சந்தேகித்தார்கள். இதற்கான மாற்றுவழி மிக எளியது, ஆனால் காரணம் தெரியாவிட்டால் மூடநம்பிக்கைபோல் தோன்றும்: விண்டோஸ் அப்டேட்டைத் திறந்து புதுப்பிப்பு உள்ளதா என்று தேடுங்கள், எதுவும் வராவிட்டாலும் கணினியை மறுதொடக்கம் செய்யுங்கள். இதன் பின்னால் இருப்பது 'நோன் இஷ்யூ ரோல்பேக்' என்ற முறை. புதுப்பிப்பில் பழைய நிரலும் புதிய நிரலும் இரண்டுமே இருக்கும். எது ஓட வேண்டும் என்ற ஒரு குறிப்பை மட்டும் மைக்ரோசாஃப்ட் இணையம் வழியாக மாற்றி அனுப்பும். அந்தக் குறிப்பு தானாக வந்துசேர ஒரு நாள்வரை ஆகலாம், தேடலும் மறுதொடக்கமும் அதை விரைவுபடுத்துகின்றன. புதுப்பிப்பு முழுவதையும் அகற்றாமல் அதில் கெட்டுப்போன ஒரு துண்டை மட்டும் பின்வாங்கும் இந்த ஏற்பாடு மெச்சத்தக்கது; பாதுகாப்பு அல்லாத மாற்றங்களுக்கு மட்டுமே அது பொருந்தும் என்பது அதன் எல்லை.

கெட்டவற்றையெல்லாம் புதுப்பிப்பின் தலையில் கட்டுவதும் சரியன்று. 2025 ஆகஸ்ட் மாதப் புதுப்பிப்பான கேபி 5063878, பெரிய கோப்புகளை எழுதும்போது எஸ்எஸ்டிகளை முடக்குகிறது என்ற செய்தி ஜப்பானிலிருந்து கிளம்பி உலகம் முழுவதும் பரவியது. வட்டுக் கட்டுப்படுத்திகளைத் தயாரிக்கும் ஃபைசன் நிறுவனம் 4,500 மணி நேரத்துக்கும் மேல் சோதித்தும் அதை மீண்டும் உருவாக்க முடியவில்லை என்று அறிவித்தது. மைக்ரோசாஃப்டும் தொடர்பு எதுவும் இல்லை என்றது. அந்த அச்சத்தில் பாதுகாப்புப் புதுப்பிப்பை அகற்றிவிட்டு உட்கார்ந்தவர்கள் இல்லாத ஆபத்துக்குப் பயந்து இருக்கிற ஆபத்தை வரவழைத்துக்கொண்டார்கள். அதே புதுப்பிப்பில் மெய்யாகவே இருந்த வழுவோ அவ்வளவு பேசப்படவில்லை: என்டிஐ முறையில் கணினிகளுக்கிடையே காணொளி அனுப்புபவர்களுக்கு ஒலியும் படமும் திக்கின, ஆர்யூடிபி-க்குப் பதிலாக டிசிபி அல்லது யூடிபி-யைத் தேர்ந்தெடுத்ததும் சரியாயின.

ஒன்றும் செய்யாமலிருப்பதே மாற்றுவழியாக அமைந்த வழுக்களும் உண்டு. டிஸ்க் கிளீனப்பில் 8.63 கிகாபைட் குப்பை எத்தனை முறை அழித்தாலும் போகாததுபோல் தெரிந்தது. முதல்முறையே இடம் காலியாகிவிட்டது, எண் மட்டும் தவறாகக் காட்டப்பட்டது. நிகழ்வுப் பதிவேட்டில் ஃபயர்வால் 2042 என்று தோன்றிய பிழையும் அப்படித்தான், ஃபயர்வால் ஒழுங்காகவே வேலை செய்தது.

இனி 24எச்2-க்குப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இது. விண்டோஸ் அப்டேட் தானாகத் தரும்வரை காத்திருங்கள். புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால் வட்டு தானாகவே குறியாக்கம் செய்யப்படும், ஹோம் பதிப்பிலும்கூட. ஆகவே கணினியைத் தொடக்கிவைக்கும் பயாஸையோ ஃபர்ம்வேரையோ தொடுவதற்கு முன், அந்தக் குறியாக்கத்துக்கான பிட்லாக்கர் மீட்புத் திறவுகோல் உங்கள் கணக்கில் இருக்கிறதா என்று பார்த்து, தாளில் எழுதியும் வையுங்கள். மேம்படுத்திய பின் பழைய பதிப்புக்குத் திரும்ப 10 நாள் அவகாசமே தரப்படுகிறது, அது போதவே போதாது. டிஸ்ம் (DISM) என்ற விண்டோஸ் கட்டளையால் அதை 60 நாள்வரை நீட்டலாம், ஆனால் அந்தப் பத்து நாள் முடிவதற்குள் நீட்ட வேண்டும். புதுப்பிப்புகள் கிடைத்தவுடனே வேண்டும் என்ற பொத்தானை அணைத்தே வையுங்கள், மாத இறுதியில் வரும் முன்னோட்டப் புதுப்பிப்புகளைத் தவிருங்கள். வேலை நெருக்கடியான மாதத்தில் மாதாந்திரப் புதுப்பிப்பை ஓரிரு வாரம் நிறுத்திவைப்பதில் தவறில்லை. அதற்கு மேல் நிறுத்துவதை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

பதிப்பு மோசமானதன்று. ஏஎம்டியின் ரைசன் பிராசசர்களில் விளையாட்டுகளின் வேகம் கூடியது, வைஃபை 7 வந்தது, 7-ஜிப் கோப்புகளைக் கோப்பு உலாவியிலேயே உருவாக்க முடிகிறது, மாதாந்திரப் பதிவிறக்கங்களின் அளவைக் குறைக்கும் ஏற்பாடும் வந்திருக்கிறது. தொடக்கத் தடுப்புகளில் பெரும்பாலானவை நீங்கிவிட்ட நிலையில் 23எச்2-இலேயே தங்கியிருக்க எனக்குக் காரணம் தெரியவில்லை. 2025 செப்டம்பர் 30 அன்று வந்த 25எச்2, இதே அடித்தளத்தின் மீது ஏற்றிய சிறு தொகுப்பு என்பதால், 24எச்2-இல் நன்றாக ஓடும் கணினி அதிலும் ஓடும். வழுக்களும் கூடவே வரும். ஹோம், ப்ரோ பயனர்களுக்கு 24எச்2-இன் ஆதரவு 2026 அக்டோபர் 13 வரை.

கடைசியாக ஒன்று. 2025 ஆகஸ்ட் இறுதியின் முன்னோட்டத்துக்குப் பிறகு, சில கணினிகளின் பூட்டுத் திரையில் கடவுச்சொல் வழி நுழைவதற்கான சின்னம் கண்ணுக்குத் தெரியாமல் போனது. சின்னம் அங்கேயேதான் இருக்கிறது. அது இருக்க வேண்டிய வெற்றிடத்தின் மீது மவுஸைக் கொண்டுபோய் நிறுத்தி, தெரியாததைச் சொடுக்கினால், கடவுச்சொல் பெட்டி திறக்கும்.